சைத்யபூமிக்கு முந்தைய பகல்

டிசம்பர் 6க்கு மும்பை போய்வந்தீர்களே, எப்படி இருந்தது என்று மாணவத் தோழர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சைத்யபூமியைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். இரவெல்லாம் நகரும் வரிசை, வெள்ளைப் புடவை கட்டிய பாட்டிகள், தோளில் குழந்தையோடு வரும் அப்பாக்கள், இலவசமாகச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கும் தொண்டர்கள் எல்லாம் நீங்கள் படித்ததுதான். நாங்கள் எழுத நினைப்பது அதற்கு முந்தைய நாளைப் பற்றி. 2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. அன்று முழுக்கக் கடை கடையாகச் சுற்றினோம். வாங்கியது கொஞ்சம். பேசியதும் சண்டை போட்டதும்தான் அதிகம்.

நாங்கள் ஐந்து பேர். சென்னையில் வழக்கறிஞராக இருக்கும் அண்ணன், முதுகலை படிக்கும் இருவர், சட்டக் கல்லூரித் தம்பி ஒருவன், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் செவிலியராக வேலை பார்க்கும் தோழி. காலையில் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தில் இறங்கியபோது தங்குமிடம் மாலையில்தான் திறக்கும் என்று தகவல் வந்தது. பெட்டிகளைக் கிளோக் ரூமில் போட்டோம். தம்பி மட்டும் தன் தோள்பையை விடவில்லை. அதில் நீலக்கொடியும், பாபாசாகேபின் படமும், எங்கள் எல்லோருடைய சார்ஜர்களும் இருந்தன.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கிராஃபோர்ட் மார்க்கெட். 1869இல் கட்டியது. அப்போதைய நகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்ட் பெயரை வைத்தார்கள். இப்போது அதன் பெயர் மகாத்மா ஜோதிபா பூலே சந்தை. பெயர் மாறிப் பல காலமாகியும் டாக்சிக்காரர் முதல் பழக்காரர் வரை கிராஃபோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். உழவர்களை அதிகாரிகளும் புரோகிதர்களும் எப்படிச் சுரண்டுகிறார்கள் என்று தனி நூலே எழுதியவர் பூலே. அவர் பெயரைக் காய்கறிச் சந்தைக்கு வைத்தது பொருத்தம்தான். ஆனால் மக்கள் நாக்கில் வெள்ளைக்காரர் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ஊர்களில் தெருப்பெயர்ப் பலகையில் சாதியை அழித்த பிறகும் வாயில் அழியாமல் இருக்கிறதே, அந்த ஞாபகம் வந்தது.

பழக்கடையில் ஒருவர் சீதாப்பழத்தைப் பிளந்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். சாப்பிட்டுப் பாருங்கள் என்று சைகை. விரல் பட்டது. அண்ணன் பழத்தைச் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எங்க ஊர் மளிகைக் கடையில காசைப் பலகை மேல வைக்கணும். கையில வாங்க மாட்டாரு. மீதியைப் பலகையில போடுவாரு, உருண்டு கீழ விழும். பொறுக்கிக்குவேன். எட்டு வயசு. அது ஒரு விளையாட்டுன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்."

நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பலகை தெரியும்? எங்களில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. தம்பிக்குத் தெரியவில்லை. அவன் நகரத்தில் பிறந்தவன். ஆனால் சட்டம் படிக்கிறவன், உடனே சொன்னான்: "பிரிவு 15, உட்பிரிவு 2. அதுல முதல் சொல்லே கடைதான்."

உண்மைதான், தோழர்களே. எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமக்களையும் தடுக்கக்கூடாத இடங்களின் பட்டியல் கடைகளில்தான் தொடங்குகிறது. அப்புறம்தான் உணவகம், விடுதி, பொழுதுபோக்கிடம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை எல்லாம் வருகின்றன. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்ற சொல் எதையெல்லாம் குறிக்கும் என்ற கேள்வி எழுந்தது. அண்ணல் அதை அகலமாக விளக்கினார். பணம் பெற்றுச் சேவை தர முன்வந்து உட்கார்ந்திருக்கும் எவருடைய இடமும் கடைதான், மருத்துவரின் அறையும் வழக்கறிஞரின் அலுவலகமும் உட்பட என்பது அவர் விளக்கத்தின் சாரம். முடிதிருத்தகமும் சலவைக்கடையும் தனியாகச் சொல்லப்படவில்லையே என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்களுக்கு அன்றே பதில் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இந்தச் சண்டை அதற்கும் முந்தியது. 1924இல் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நூறு ஆண்டு ஆகிவிட்டது. அண்ணன் எட்டு வயதில் காசு பொறுக்கியது அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

சீதாப்பழம் ஒரு கிலோ வாங்கினோம். கொட்டை துப்ப இடமில்லாமல் திண்டாடியது தனிக்கதை.

*

அங்கிருந்து சயான் வரை ரயில், பிறகு நடை. தாராவி. 90 அடிச் சாலையில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததும் தம்பி கத்தினான். இட்லித் தூக்கோடு சைக்கிள்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பு கிளம்பிய நம் மக்கள் கட்டிய தெருக்கள் இவை. பஞ்சம் துரத்தியது என்று எழுதுவார்கள். பஞ்சம் மட்டுமா துரத்தியது?

தோல் கடைகள் சயான்-பாந்திரா இணைப்புச் சாலையோரம் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடி போட்ட கடைகளுக்குப் பின்னால் சந்துக்குள் போனால் பட்டறைகள். ஒரு பட்டறைக்காரர் எங்கள் தமிழைக் கேட்டு உள்ளே கூப்பிட்டார். பிறந்தது வளர்ந்தது தாராவி, பேச்சில் மட்டும் நெல்லை. தேநீர் வரவழைத்தார். கண்ணாடித் தம்ளர், எல்லோருக்கும் ஒரே தம்ளர். (நாம் இதைக் கவனிப்பதை நிறுத்தும் நாள் ஒன்று வரும் என்று நினைக்கிறோம். இன்னும் வரவில்லை.)

2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்ததிலிருந்து மாட்டுத்தோல் வரத்து போய்விட்டது என்றார். எருமைத்தோலும் ஆட்டுத்தோலும்தான் இப்போது. அடுத்த ஆண்டு குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நாம் தலைப்பு தலைப்பாகப் பிரித்துக் கருத்தரங்கம் நடத்துகிறோம். அவருக்கு அது ஒரே சரக்குப் பிரச்சினை, ஒரே உயிர்ப் பிரச்சினை. அந்தத் தடைக்குப் பிறகுதான் இதே நகரத்தில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர், தாராவிக் கைவினைஞர்களோடு சேர்ந்து பழைய டயர் ரப்பரில் பைகள் செய்ய ஆரம்பித்தார். வசவாகப் பயன்படுத்தப்படும் 'சமார்' என்ற சொல்லையே நிறுவனத்தின் பெயராக வைத்தார்: சமார் ஸ்டுடியோ. அந்தப் பெயர் சரியா என்று எங்களுக்குள் அப்போதே வாக்குவாதம். முதுகலைத் தோழர்களில் ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பேரு என்ன வேணா இருக்கட்டும். துட்டு ஒழுங்கா வருதான்னு சொல்லுங்க" என்றார்.

மறுமேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டோம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு என்கிறது அரசு. அவர் மேலே கைகாட்டினார். அவர் குடும்பம் இருப்பது மாடியில்.

அங்கே ஒரு பெண்கள் கைப்பை. பழுப்பு நிறம், உள்ளே பருத்தித் துணி, எந்தப் பெயரும் இல்லை. 1,800 ரூபாய் என்றார். செவிலியர் தோழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சாயங்காலம் வருகிறோம் என்றோம். வரவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது.

*

மாலுக்குப் போகலாம் என்று சொன்னது அவர்தான். தாராவியைப் பார்த்தாகிவிட்டது, அந்தப் பைகள் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டாமா என்றார். முதுகலைத் தோழர் முகம் சுளித்தார். முதலாளித்துவத்தின் கோயில் என்றார். "கோயிலுக்குள்ள விடலைன்னா சண்டை போடுறோம். இந்தக் கோயில்ல விடுறான், போய்ப் பாத்துட்டாவது வருவோமே" என்றார் அண்ணன்.

மாகிமில் ரயிலேறி மில் வட்டாரத்துக்கு வந்தோம். பரேல், லோயர் பரேல், வோர்லி. ஒரு காலத்தில் புகைபோக்கிக் காடு. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். முறைப்படி முடித்துவைக்கப்படாமலே அது கரைந்துபோனது. பல மில்கள் அதன்பின் திறக்கவே இல்லை. அந்த நிலத்தில் இன்று கோபுரங்கள், அலுவலகங்கள், மால்கள்.

இந்தக் கதையை இடதுசாரித் தோழர்கள் நன்றாகவே சொல்வார்கள். அவர்கள் சில சமயம் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. மில்லில் நெசவுப் பிரிவுக்குத்தான் கூலி அதிகம். அதற்குள் தலித் தொழிலாளிகளைச் சேர்க்க மாட்டார்கள். தார் தீர்ந்ததும் புதிய தார் போட்டு, நூல்முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்மவர் வாய் பட்ட நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி வாய் வைக்க மாட்டான். முதலாளியைவிட உடன் உழைக்கும் தொழிலாளிதான் அந்தக் கதவை அடைத்து நின்றான். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது இந்தக் கதவைத் திறக்கும் கோரிக்கையையும் சேருங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் பாபாசாகேப் வலியுறுத்த வேண்டியிருந்தது. அவர் பரேலின் சால் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர். மில் சங்கு ஊதும்போது யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்பது அவருக்குப் புத்தகச் செய்தி கிடையாது. பத்து ஆண்டுகள் கழித்து மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளையும் சேர்த்துச் சொன்னாரே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கிறது.

மாலின் வாசலில் சோதனை. எங்கள் நால்வரையும் சாதாரணமாக விட்டார்கள். தம்பியின் பையைப் பெண் காவலர் ஒருவர் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் எல்லோருக்கும் உடம்பு விறைத்தது. தம்பியின் நிறம்தான் காரணமா, செருப்பா, பையா? ஊரில் என்றால் தெரிந்துவிடும். பலகையில் காசு விழும் சத்தத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. இங்கே தெரியாது. நகரத்தில் நம்மைத் தின்பது இந்தத் தெரியாமைதான். அவமானப்பட்டோமா இல்லையா என்பதே தெரியாமல் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

அந்த அம்மா பைக்குள் குனிந்து, படத்தைத் தொட்டுவிட்டு, உதடு அசையாத மாதிரி "ஜெய் பீம்" என்றார்.

தம்பிக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, விடுப்புக் கிடையாது என்று இந்தியில் சொன்னார். என் பெயரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்குள் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்க்கவே, முகத்தை இறுக்கிக்கொண்டு அடுத்த பையை வாங்கினார்.

உள்ளே குளிர். தரை கண்ணாடி மாதிரி. அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஆட்கள் சுவரோரமாகவே நகர்கிறார்கள், யார் கண்ணிலும் படாமல். அந்தக் கூட்டத்தில் நம் மக்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஒரு காலணிக் கடையில் தோழி நின்றார். சம்பளத்தில் சேர்த்துவைத்த பணம் இருக்கிறது, நல்ல ஷூ ஒன்று வாங்க வேண்டும் என்று ரயிலிலேயே சொல்லியிருந்தார். வார்டில் பத்து மணி நேரம் நிற்கிற கால். விற்பனைக்கு நின்ற பையன், இருபது வயது இருக்கும், ஷூவை எடுத்துவந்தான். அவரை உட்காரச் சொன்னான். சட்டென்று தரையில் மண்டியிட்டு, அவர் பழைய செருப்பைக் கழற்றப் பாதத்தைப் பிடித்தான்.

தோழி காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, வேணாம். நானே போட்டுக்கறேன்." தமிழிலேயே சொன்னார். அவனுக்குப் புரியவில்லை. தப்பாக ஏதோ செய்துவிட்டோம் என்று மேலாளரைப் பார்த்தான்.

அவர் அப்பா பேருந்து நிலைய வாசலில் செருப்புத் தைக்கிறவர். முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் நின்றபடி நீட்டிய கால்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். 2009இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீட்டில் தோழிக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தது. அந்த மூன்று சதவீதம் வேண்டுமா என்று இன்றும் நம் மேடைகளிலேயே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கேட்கிறார்கள். அவர்கள் அந்த நேரம் அந்தக் கடையில் இருந்திருக்கலாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் சண்டை வெடித்தது. முதுகலைத் தோழர், பார்த்தீர்களா, மால் என்பது இன்னொருவரை மண்டியிட வைத்துத்தான் நமக்குச் சமத்துவம் தருகிறது என்றார். வாங்காமல் வந்ததே சரி என்றார். அண்ணனுக்குக் கோபம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. ஹட்டனின் புத்தகத்தில் இருக்கிறது. "செருப்புக்கு உதை வாங்கினவன் பேரன் பேத்திங்க நாம. நல்ல ஷூ போடுறதுக்கு யார்கிட்டயும் கொள்கை விளக்கம் குடுக்க வேண்டியதில்ல" என்றார். மகத்தில் 1927 டிசம்பரில் பாபாசாகேப் பெண்களிடம் புடவை கட்டும் முறையை மாற்றுங்கள், தீண்டாமையின் அடையாளமாகும் நகைகளைக் கழற்றுங்கள் என்று பேசியதையும் சொன்னார்.

இருவர் சொன்னதும் சரிதான். எங்களுக்குள் அது தீரவில்லை. தோழி கடைசியில்தான் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசறீங்க. நான் அந்தப் பையனைப் பத்தி நெனச்சிட்டிருக்கேன். நான் காலை இழுத்ததுக்கு அவனைத் திட்டியிருப்பாங்க."

எழுந்து மறுபடியும் உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். மேலாளரிடம் பையன் மேல் தவறில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஷூவைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். அப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. எங்களுக்கும் போட்டுக் காட்டினார்: "பாப்பா, அது தைச்சது இல்ல. பசை ஒட்டு. மேல தெரியற தையல் சும்மா அழகுக்கு. ஒரு மழைக்கு வாயைப் பொளந்துரும். அந்த வெலைக்கு வாங்காத."

கொள்கைச் சண்டை அத்தோடு நின்றது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

*

தாதருக்கு வந்தபோது இருட்டிவிட்டது. சிவாஜி பூங்காவில் 6ஆம் தேதிக்கு முன்பே கூட்டம் நிரம்பிவிடும். விதர்பாவிலிருந்தும் மராட்வாடாவிலிருந்தும் வந்தவர்கள் மைதானத்தில் பாய் விரித்திருந்தார்கள். இதுவும் ஒரு சந்தைதான். புத்தகக் கடைகள், மேலும் மேலும் புத்தகக் கடைகள். பாபாசாகேப் சிலை, புத்தர் சிலை, நாட்காட்டி, நீலத் துண்டு, பீம் பாட்டு. தலைச்சுமையாகப் புத்தகக் கட்டு வாங்கிப்போகும் விவசாயக் கூலிகளை வேறு எந்தச் சந்தையில் பார்ப்பீர்கள்? மராத்தி படிக்கத் தெரியாத நாங்கள் அட்டைகளைத் தடவிக்கொண்டே நடந்தோம். தம்பி இரண்டு மெழுகுவத்திக் கட்டு வாங்கினான். ஒன்று அந்தக் காவலர் அம்மாவுக்கு.

நடைபாதையில் ஒரு பெரியவர் கோல்ஹாப்பூர் செருப்புகளைப் பரப்பியிருந்தார். அவரே செய்ததாம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய தோல்வாரைப் பின்னல் போடுவது போலப் பின்னிக்கொண்டிருந்தார். இதே செருப்பைத்தான் 2025 ஜூனில் மிலன் மேடையில் பிராடா நிறுவனம் ஊர்பேர் சொல்லாமல் காட்டி, எதிர்ப்பு வந்தபின் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு இது. நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில், மகாராஷ்டிர, கர்நாடகத் தோல்தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு 2,000 ஜோடி செய்து ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 800 யூரோவுக்கு விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நடைபாதைப் பெரியவர் கேட்டது 700 ரூபாய்.

தோழி அப்பாவுக்கு ஒரு ஜோடி எடுத்தார். அளவு தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிற அப்பா அவருக்குத் தெரிந்து ரப்பர் செருப்புதான் போட்டிருக்கிறார். வீடியோ அழைப்பில் கூப்பிட்டார்.

"எனக்கு எதுக்கு பாப்பா? சரி, ஏழுன்னு நெனக்கிறேன். திருப்பு, அடிப்பக்கம் காட்டு. ஆணி இருக்கா?"

ஆணி இல்லை. தோல்வாரிலேயே தைத்தது.

"எந்தப் பட்டை போட்டுப் பதம் பண்ணாங்கன்னு கேளு. நம்ம பக்கம் ஆவாரம்பட்டை."

அண்ணன் தெரிந்த இந்தியில் கேட்டார். பெரியவர் பாபூல் என்றார், ஹிர்டா என்றார். கருவேலம்பட்டையும் கடுக்காயும் என்று புரிந்துகொள்ள எங்களுக்குச் செல்பேசியில் தேட வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வேண்டியிருக்கவில்லை. திரையில் கையை உயர்த்தித் தன் ஊசியைக் காட்டினார். பெரியவர் சிரித்துக்கொண்டே தன் சாக்குப்பையைத் துழாவித் தன் ஊசியை எடுத்துக் காட்டினார். பிறகு செல்பேசியைத் தோழியின் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு, செருப்பின் காதுகளை விரித்து, எங்கிருந்து தையல் தொடங்குகிறது என்று மராத்தியில் விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் அப்பா, "ஆமா, ஆமா, அங்கதான் இழுத்துப் புடிக்கணும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓரமாக நின்றோம். வரிசையில் போய் நிற்க நேரமாகிவிட்டது என்று தம்பி இரண்டு முறை சொன்னான். செல்பேசி திரும்பி வருவதாக இல்லை.